எழுத்தறிவித்த மாமனார்: ஜப்பானியப் புதின ஆசிரியர் பக்கினின் வாழ்வு

வாளேந்திய வீரர்களும், மாளிகைகளில் வாழ்ந்த இளவரசியரும், கோட்டைகளை ஆண்ட குறுநிலத் தலைவர்களும் நிறைந்த பழைய ஜப்பானை இன்று உலகம் பல வடிவங்களில் கண்டு மகிழ்கின்றது. நாடக மேடை, திரைப்படம், படக்கதை எனத் தொடங்கி, கணினித் திரையில் படமும் உரையுமாக விரியும் காட்சிப் புதினம் வரை அவ்வடிவங்கள் வளர்ந்துள்ளன. இவை தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, மரப்பலகையில் செதுக்கி அச்சிட்ட படங்களோடு காதலும் வீரமும் கலந்து ஒரு பெருங்கதை எழுந்தது. நான்சோ சத்தோமி ஹக்கென்டென் என்பது அதன் பெயர். சத்தோமி குடியின் எட்டு வீரர் வரலாறு என்று அதனை நாம் தமிழில் சுட்டலாம். 1814 ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கிய அந்நூல் 1842 ஆம் ஆண்டில்தான் நிறைவுற்றது. 28 ஆண்டுகளில் 106 ஏடுகளாக அது விரிந்தது.

அதனை இயற்றியவர் கியோகுத்தெய் பக்கின் என்னும் புனைபெயர் பூண்டவர். அவருடைய குடிப்பெயர் தக்கிசாவா. பிற்காலத்தார் இரண்டையும் இணைத்துத் தக்கிசாவா பக்கின் என்று வழங்குகின்றனர். ஆனால் அவரோ குடிப்பெயரையும் புனைபெயரையும் தம் வாழ்நாள் முழுதும் வேறுவேறாகவே வைத்திருந்தார். ஒன்று அவர் முன்னோர் தந்தது; மற்றொன்று வயிற்றுப் பிழைப்புக்காகக் கொண்டது என்பது அவர் கருத்து. இவ்விரண்டனுள் எது நிலைத்தது என்பதை அறிய அவருடைய வாழ்வைச் சற்றே விரிவாகக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

இன்றைய தோக்கியோ நகரம் அன்று எடோ எனப்பட்டது. ஷோகுன் என்னும் படைத்தலைவரின் ஆட்சி அங்கிருந்து நாடு முழுவதும் நடைபெற்றது. அந்நகரின் ஃபுக்கா­காவா பகுதியில் 1767 ஆம் ஆண்டு பக்கின் பிறந்தார். தந்தையார் சாமுராய் வகுப்பினர். எனினும் பெருஞ்செல்வர் அல்லர். ஷோகுனின் நேரடி ஊழியர் ஒருவருடைய வீட்டில் காரியம் பார்த்து வந்த சிறு நிலைச் சாமுராய் அவர்.

1775 ஆம் ஆண்டு தந்தையார் மறைந்தார். அப்போது பக்கினுக்கு 8 வயது. குடும்பத்திற்குக் கிடைத்து வந்த படி சுருங்கியது. மூத்த தமையனார் வேறிடத்தில் பணி தேடிச் சென்றமையால் சிறுவனாகிய பக்கினே குடித்தலைமையை ஏற்க நேர்ந்தது. தலைவரின் இளம் பேரனுக்குப் பணிவிடை செய்வது அவருக்கு இடப்பட்ட வேலை. அந்தப் பேரனோ கொடுங்குணம் உடையவன். சில ஆண்டுகள் பொறுத்த பக்கின், 1780 ஆம் ஆண்டு ஒரு பாடலைக் காகிதக் கதவில் எழுதி வைத்துவிட்டு அவ்வீட்டை நீங்கினார். பதின்மூன்று வயதில் எடுத்த அம்முடிவில் அவருடைய பிற்கால இயல்பு முழுவதும் முளைவிட்டிருப்பதை நாம் காண்கிறோம். பணிய மறுக்கும் மானமும், எழுத்தின்மீது கொண்ட நம்பிக்கையும் அவரிடம் அப்போதே இருந்தன.

பின்வந்த பத்தாண்டுகள் அலைச்சலில் கழிந்தன. பல வீடுகளில் பணி செய்தார், மருத்துவம் பயின்றார், சீனச் செவ்வியல் நூல்களைக் கற்றார், எதிலும் நிலைக்கவில்லை. 1785 இல் அன்னையாரும் மறைந்தார்.

எழுத்துலகில் நுழைவு

அந்நாளில் எடோ நகரில் புகழின் உச்சியில் இருந்த எழுத்தாளர் சான்தோ கியோடென். 1790 ஆம் ஆண்டு 23 வயது இளைஞராகப் பக்கின் அவரை நாடிச் சென்று மாணாக்கராக ஏற்குமாறு வேண்டினார். கதை எழுதுவது ஆசிரியர் மாணாக்கர் முறையில் கற்பிக்கத்தக்க தொழில் அன்று என்று கூறிக் கியோடென் மறுத்துவிட்டார். ஆயினும் நண்பராக வந்து போகலாம் என்று இசைவளித்தார். அடுத்த ஆண்டே பக்கினின் முதற் சிறுநூல் அச்சேறியது.

அதே 1791 ஆம் ஆண்டில் கியோடென் தண்டனைக்கு ஆளானார். பரத்தையர் சேரி வாழ்வைப் பற்றி அவர் எழுதிய நூல்கள் அரசின் ஒழுக்கக் கட்டளைகளை மீறின என்பது குற்றச்சாட்டு. 50 நாட்கள் கைவிலங்குடன் வீட்டில் இருக்குமாறு பணிக்கப்பட்டார். எழுதும் கைக்கே விலங்கிட்ட இந்நிகழ்ச்சியைப் பக்கின் அருகிருந்து கண்டார். நன்னெறியை உயர்த்தியும் தீநெறியைத் தண்டித்தும் கதை அமைக்க வேண்டும் என்னும் கொள்கையை அவர் பிற்காலத்தில் உறுதியாகக் கொண்டார். அதில் அவருடைய கல்விக்கும் இயல்புக்கும் பங்கு உண்டு. இந்த அனுபவத்திற்கும் பங்கு இருந்திருக்கக்கூடும் என்று நாம் கருதுகிறோம்.

1792 இல் சுத்தாயா ஜூசபுரோ என்னும் பெயர்பெற்ற பதிப்பாளரின் கடையில் கணக்கராக அமர்ந்தார். நூல் எவ்வாறு உருவாகின்றது, எவ்வாறு விலைபோகின்றது என்பதை அங்கே கற்றார். 1793 ஆம் ஆண்டு மிதியடிக் கடை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த ஹியாக்கு என்னும் கைம்பெண்ணை மணந்தார். அவர் பக்கினை விட மூன்று வயது மூத்தவர். பக்கின் மனைவியின் இல்லத்தில் குடியேறினாலும், வழக்கப்படி அக்குடியின் பெயரை ஏற்க மறுத்துவிட்டார். மரமிதியடி விற்றுக்கொண்டும், சிறுவர்களுக்கு எழுத்துப் பயிற்றிக்கொண்டும் இருந்தவர், மாமியார் மறைந்தபின் கடையைக் கைவிட்டு எழுத்தையே தொழிலாகக் கொண்டார். எழுத்தூதியத்தைக் கொண்டே பெரிதும் வாழ்க்கை நடத்திய முதல் ஜப்பானிய எழுத்தாளர்களுள் அவரும் ஒருவர்.

நூல் உருவான முறை

பக்கினின் உழைப்பை அறிய அக்கால நூலாக்கத்தை அறிதல் வேண்டும். ஆசிரியர் எழுதிய படியை எழுத்தர் ஒருவர் மெல்லிய தாளில் அழகுற எடுத்தெழுதுவார். அத்தாளை மரப்பலகையின் மேல் தலைகீழாக ஒட்டி, எழுத்துகள் மேலெழுந்து நிற்குமாறு செதுக்குவோர் செதுக்குவர். படங்களும் அவ்வாறே செதுக்கப்படும். எந்தப் பக்கத்தில் எந்தக் காட்சி, யார் எங்கே நிற்க வேண்டும், எந்த உடை உடுத்திருக்க வேண்டும் என்பதைப் பக்கின் தாமே கோட்டோவியமாக வரைந்து ஓவியருக்கு அனுப்புவார். 1807 முதல் 1811 வரை வெளிவந்த வில்வீரன் தமெத்தோமோவின் கதைக்குப் படம் வரைந்தவர் உலகப் புகழ் பெற்ற ஓவியர் ஹொக்குசாய். இருவரும் பேராற்றல் வாய்ந்தவர்கள், இருவரும் விட்டுக்கொடாதவர்கள். ஆகவே அக்கூட்டுறவு நெடிது நீடிக்கவில்லை.

இத்தகைய நூல்களின் விலை எளிய மக்களுக்கு எட்டாதது. அவற்றை வாடகைக்கு விடும் கடைகள் 1808 ஆம் ஆண்டளவில் எடோவில் மட்டும் 650க்கு மேல் இருந்தன. கடைக்காரர்கள் நூல்களை மூட்டையாகக் கட்டி முதுகில் சுமந்து வீடுவீடாகச் செல்வர். அச்சிட்ட படிகள் சில நூறே ஆயினும் படித்தோர் பல்லாயிரவர் ஆயினர். அடுத்த பகுதி எப்போது வரும் என்று நகரமே காத்திருந்தது.

எட்டு மணிகளின் கதை

ஆட்சியாளரைப் பற்றியும் சமகால நிகழ்ச்சிகளைப் பற்றியும் எழுதுவதை அரசு தடை செய்திருந்தது. ஆகவே ஆசிரியர்கள் கதைக்களத்தைப் பழங்காலத்திற்குக் கொண்டு சென்றனர். பக்கின் தேர்ந்தெடுத்தது 15 ஆம் நூற்றாண்டு. களம், இன்றைய சிபா மாவட்டத்தின் தென்பகுதியாகிய ஆவா நாடு. அதனை ஆண்ட சத்தோமி குடியினர் வரலாற்றில் வாழ்ந்தவர்கள். 1614 ஆம் ஆண்டு நாட்டை இழந்தவர்கள். நிகழ்ச்சிகளோ பெரும்பாலும் பக்கினின் கற்பனை. நூற்றெட்டு வீரர்களைப் பற்றிய பழைய சீனப் புதினம் ஒன்று அவருக்கு முன்மாதிரியாக அமைந்தது.

பகைவர் கோட்டையைச் சூழ்ந்துகொள்ள, உணவின்றி வாடிய சத்தோமி தலைவர், பகைத் தலைவனின் தலையைக் கொணர்ந்தால் தம் மகளைத் தருவேன் என்று தம் நாயிடம் விளையாட்டாகக் கூறுகின்றார். நாயோ அவ்வாறே செய்துவிடுகின்றது. தலைவர் வாக்கை மறுக்க முயல்கின்றார். ஆள்வோர் சொன்ன சொல் பொய்த்தல் ஆகாது என்று கூறி, இளவரசி ஃபுசே தானே முன்வந்து நாயுடன் மலைக்குகைக்குச் செல்கின்றாள். அவளை மீட்க வந்த வீரன் சுட்ட குண்டு நாயைக் கொன்று அவளையும் தாக்குகின்றது. தன் தூய்மையை உலகறியச் செய்ய அவள் தன்னைத்தானே மாய்த்துக்கொள்கின்றாள். அவ்வேளையில் அவள் அணிந்திருந்த மாலையின் எட்டுப் பெருமணிகள் வானிற் பறந்து திசைதோறும் மறைகின்றன. அன்பு, நேர்மை, ஒழுங்கு, அறிவு, தலைவனிடம் பற்று, வாய்மை, பெற்றோர்ப் பேணல், உடன்பிறந்தாரிடம் பணிவு என்னும் எண்குணங்களைக் குறிக்கும் எழுத்துகள் அம்மணிகளில் ஒவ்வொன்றாகப் பொறிக்கப்பட்டிருந்தன. வெவ்வேறிடங்களில் பிறந்து, ஒவ்வொரு மணியை உடைய எட்டு இளைஞர்கள் ஒருவரையொருவர் கண்டு ஒன்றுசேர்வதே கதையின் பெரும்பகுதி.

இக்கதையில் காதலுக்கும் இடமுண்டு. எண்மருள் ஒருவனாகிய ஷினோ, தன் குலவாளை உரியவரிடம் சேர்க்க விடியலில் புறப்பட வேண்டும். அவனுக்கென்று பேசப்பட்ட ஹமாஜி என்னும் பெண், முந்தைய இரவில் அவனிடம் வந்து தன்னையும் உடனழைத்துச் செல்லுமாறு மன்றாடுகின்றாள். கடமையை எண்ணி அவன் மறுத்துச் செல்கின்றான். அவளோ பின்னர்த் தீயவன் ஒருவன் கையில் சிக்கி உயிர் துறக்கின்றாள். பல ஆண்டுகள் கழித்து அதே பெயருடைய சத்தோமி இளவரசியை ஷினோ மணக்கின்றான். கடமைக்கும் அன்புக்கும் இடையே கிடந்து நையும் மனத்தை எடோ வாசகர்கள் இவ்விடத்தில் கண்டனர்.

குடியை நிலைநாட்டும் கனவு

நூலின் புகழ் வளர்ந்தபோதும் பக்கினின் உள்ளம் வேறொன்றை நாடியது. தாம் இளமையில் துறந்த சாமுராய் நிலையைத் தம் குடிக்கு மீட்டுத் தரவேண்டும் என்பதே அது. ஒரே மகன் சோஹக்கு 1797 இல் பிறந்தவர். அவரை மருத்துவராக்கினார், மட்சுமாயே தலைவரின் மருத்துவராகவும் அமர்த்தினார். ஆனால் சோஹக்குவின் உடல் நலிவுற்றிருந்தது. 1827 ஆம் ஆண்டு மருத்துவர் ஒருவரின் மகளை அவருக்கு மணமுடித்தனர். தெத்சு என்னும் அப்பெண்ணின் பெயர் புகுந்த வீட்டில் மிச்சி என மாற்றப்பட்டது. 1828 இல் பேரன் தாரோ பிறந்தான்.

1835 ஆம் ஆண்டு சோஹக்கு இறந்தார். 68 வயதில் மகனை இழந்த பக்கின், தம் ஆசையைப் பேரன்மேல் வைத்தார். துப்பாக்கிப் படையில் ஒரு சிறு ஊழியப் பதவியின் உரிமையை விலைக்கு வாங்க முற்பட்டார். அதற்குப் பெரும்பணம் வேண்டியிருந்தது. விழாக்களை வெறுத்தவர், 1836 இல் தம் பெயரால் விருந்தும் எழுத்தோவியக் கூட்டமும் நடத்திப் பொருள் திரட்டினார். வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்களையும் விற்றார். பதவி கிடைத்தது, பேரனுக்கு அப்போது 8 வயது. குடும்பம் நகரின் ஓரத்திலிருந்த யோத்சுயா பகுதிக்குப் பெயர்ந்தது. ஒரு புலவன் தன் நூல்களை விற்றுத் தன் குடிக்கு ஒரு துப்பாக்கியை வாங்கினான் என்று எண்ணும்போது நம் நெஞ்சம் கனக்கின்றது.

பார்வை இழப்பு

இதற்கிடையே அவர் கண்ணொளி குன்றத் தொடங்கியது. மகன் இறப்பதற்கு முன்பே வலக்கண் பழுதுற்றது. இடக்கண்ணைக் கொண்டு எழுதி வந்தார். நாளடைவில் அதுவும் மங்கியது. நுண்ணிய எழுத்துகள் பெரிதாயின; பக்கத்திற்குப் பல வரிகள் எழுதியவர் சில வரிகளே எழுதினார். 1840 ஆம் ஆண்டின் இறுதியளவில் தாம் எழுதியதைத் தாமே படிக்க இயலாத நிலை வந்துற்றது. ஹக்கென்டென் நிறைவை நெருங்கியிருந்தது. சிதறிய எண்மரும் கூடிவிட்டனர், பெரும்போரும் நடந்துவிட்டது, முடிவுரைப் பகுதிகளே எஞ்சியிருந்தன.

சொல்வதை எழுத ஆள் வேண்டும். வெளியார் பொருந்தவில்லை. இறுதியில் அப்பணி மருமகளாகிய மிச்சியை வந்தடைந்தது. அவருக்கு அப்போது ஏறத்தாழ 35 வயது. பெண்கள் எளிய ஒலியெழுத்துகளைக் கற்பது அந்நாளைய வழக்கம். பக்கினின் நடையோ ஆயிரக்கணக்கான சீன எழுத்துகள் நிறைந்தது. அவ்வெழுத்துகளில் மிச்சிக்குப் போதிய பயிற்சி இல்லை.

இங்கே அவர்கள் செய்த பணியின் அருமையை நாம் உணர வேண்டும். சீன எழுத்தைச் செவியால் கேட்டு எழுதிவிட முடியாது. ஒரே ஒலிக்குப் பல எழுத்துகள் உண்டு. ஒவ்வோர் எழுத்தும் பல உறுப்புகளால் ஆனது. இடப்பக்க உறுப்பு எது, வலப்பக்க உறுப்பு எது என்று முதியவர் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்ல, மருமகள் அவற்றைக் கூட்டி எழுத வேண்டும். அருகே ஒலிப்புக் குறிப்பையும் சேர்க்க வேண்டும். பின்னர் எழுதியதை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். பழமொழிகளும் பழநூற் செய்திகளும் குறுக்கிடும்போது பணி மேலும் கடினமாயிற்று. சொல்பவரும் சோர்ந்தார், எழுதுபவரும் கண்ணீர் விட்டார். பிழை பொறாத முன்கோபியாகிய பக்கின் பொறுமையைக் கற்றார். அடுப்படி வேலையும் பிள்ளை வளர்ப்பும் நோயாளிப் பணிவிடையும் மிச்சியை விட்டு நீங்கவில்லை. அவற்றுக்கிடையே அவர் எழுத்தைக் கற்றார். இதனையெல்லாம் நூலின் இறுதியில் சேர்த்த பின்னுரையில் பக்கினே பதிவு செய்துள்ளார்.

1841 ஆம் ஆண்டு, பழைய நாட்காட்டியின் எட்டாம் மாதத்தில், நூல் முற்றுப்பெற்றது. மனைவி ஹியாக்கு அவ்வாண்டே மறைந்தார். நிறைவுப் பகுதி 1842 இல் வெளிவந்தது. எஞ்சியுள்ள கைப்படிகளில், முதியவரின் தடுமாறும் எழுத்து நின்று மருமகளின் எழுத்துத் தொடங்குவதைக் காணலாம். அதே 1842 ஆம் ஆண்டில் அரசின் ஒழுக்கக் கட்டளைகள் மீண்டும் எழுத்தாளர்மீது பாய்ந்தன. ரியூத்தெய் தனெஹிக்கோவின் புகழ்பெற்ற நெடுங்கதை தடை செய்யப்பட்டது. அவ்வாண்டே அவர் இறந்தார். காதற்கதை எழுதிய தமெனாகா ஷுன்சுய் கைவிலங்கிடப்பட்டார். எண்குணம் பேசிய பக்கினின் நூல் தப்பியது.

குறையும் நிறையும்

பக்கினின் எழுத்தில் குறைகள் இல்லை என்று நாம் கூறவில்லை. 1885 இல் புதின இலக்கணம் வகுத்து வெளியிடத் தொடங்கிய திறனாய்வாளர் த்சுபோஊச்சி ஷோயோ, ஹக்கென்டெனின் எட்டு வீரர்களும் மனிதர் அல்லர், குணங்களுக்குக் கைகால் முளைத்த உருவங்களே என்னும் கருத்துப்படக் கடிந்துரைத்தார். நிறைகுணமே உருவான வீரர்களிடம் மனப்போராட்டம் குறைவு என்பதில் உண்மை உண்டு. ஆயினும் மக்கள் அந்நூலைக் கைவிடவில்லை. மேடையும் திரையும் தொலைக்காட்சியும் அக்கதையை மீண்டும் மீண்டும் எடுத்தாண்டன. பக்கினின் வாழ்வையும் அவர் படைத்த கதையையும் இணைத்துக் காட்டும் திரைப்படம் ஒன்று 2024 ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்தது.

நூலில் காணாத மனப்போராட்டத்தை ஆசிரியரின் இல்லத்தில் நாம் காண்கிறோம். அங்கே இருந்தவர்கள் குறையுள்ள மனிதர்கள்: சினமும் செருக்கும் உடைய முதியவர் ஒருவர், கணவனை இழந்து, எழுத்தும் முழுதறியாத பெண் ஒருவர். அன்பும் ஒழுங்கும் அறிவும் பெற்றோர்ப் பேணலும் மணிகளில் பொறித்த எழுத்துகளாக நில்லாமல், நாள்தோறும் செய்யும் தொழிலாக மாறியது அவ்வீட்டில்தான்.

நிலைத்தது எது?

பக்கின் 1848 ஆம் ஆண்டு 81 வயதில் காலமானார். இறுதிவரை மிச்சியின் கைகொண்டே பிற படைப்புகளையும் நாட்குறிப்பையும் எழுதி வந்தார். யாருக்காக அவர் நூல்களை விற்றாரோ அந்தப் பேரன் தாரோ, அடுத்த 1849 ஆம் ஆண்டே இளமையில் இறந்துபோனான். இருபது ஆண்டுகளுக்குள் ஷோகுன் ஆட்சி வீழ்ந்தது. பின்னர் சாமுராய் என்னும் வகுப்பே சட்டத்தால் ஒழிந்தது. பெருவிலை கொடுத்து வாங்கிய பதவி பொருளற்றதாயிற்று. குடியை நிலைநாட்ட அவர் எழுப்பிய சுவர் இவ்வாறு சரிந்தது. பிழைப்புக்காகச் சூடிய புனைபெயரே நிலைத்தது.

நிலைத்தது மற்றொன்றும் உண்டு. மாமனார் மறைந்தபின் மிச்சி எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. 1858 இல் மறையும் வரை வாழ்ந்த அவர், தம் பெயரால் ஒரு நாட்குறிப்பை எழுதி வைத்துச் சென்றார். எளிய சாமுராய்க் குடும்பத்துப் பெண் எவ்வாறு வாழ்ந்தாள், என்ன விலைக்கு எதை வாங்கினாள், யாருக்காக அழுதாள் என்பதை அறிய வரலாற்றாசிரியர்கள் அதனை நாடுகின்றனர்.

தாம் சொல்வதை எழுத ஒரு கை வேண்டும் என்றே பக்கின் மருமகளுக்கு எழுத்தறிவித்தார். அந்தக் கை அவர் மறைந்தபின் தன் சொல்லையும் எழுதிற்று. 106 ஏடுகளைக் கொண்ட பெருங்கதைக்கு இணையாக இச்சிறு நிகழ்ச்சியையும் வைத்துப் போற்ற வேண்டும் என்பது நம் கருத்து. கல்விக் கூடங்களில் எழுத்தோடு வாழும் நமக்கு, நெடுந்தொலைவில் வாழ்ந்து மறைந்த அவ்விருவரும் அயலார் ஆகமாட்டார்.